அந்தப் பெருக்கல் குறியை முதல்ல அழிங்க சார்!

ரொம்ப நாளா உள்ளுக்குள்ள புகைஞ்சுகிட்டிருக்குற மேட்டர். இன்னிக்குக் கொட்டிடறேன். நம்ம பதிவர்கள்லயே ரெண்டு மூணு பேர் சனி ஞாயிறுல ஆப்டிடியூட் கிளாஸ் எடுக்குறதாக் கேள்வி. அவங்க மட்டும் ஹெல்மெட் போட்டுகிட்டுப் படிக்கவும் :-)

பேங்க் பரீட்சை, கேட், ஜிமேட், ஜிஆர்இ, காலேஜ் கேம்பஸ்ல வர்ற ஆப்டிடியூட் ரவுண்டுன்னு எதுக்காவது ஒரு தடவை பெஞ்சு தேய்ச்ச யாரையும் கேட்டுப் பாருங்க. நிறையிட்ட சராசரின்னு சொன்னா முழிப்பாங்க. வெயிட்டட் ஆவரேஜ்னு சொன்னா லேசா தலையாட்டுவாங்க. அலிகேஷன்னு சொன்னதும் மூஞ்சியில பல்பு எரியும். "அதுவா? ஒரு பெருக்கல் குறி போட்டா முடிஞ்சுது பாஸ்!"

அந்தப் பெருக்கல் குறி தெரியாத புண்ணியவான்களுக்காகச் சுருக்கமா: ஒரு வகுப்போட சராசரி மார்க் 70, இன்னொரு வகுப்போடது 85, ரெண்டையும் சேர்த்தா 75. அப்போ ரெண்டு வகுப்புலயும் பசங்க என்ன விகிதத்துல இருக்காங்க? இடது மேல 70, வலது மேல 85, நடுவுல 75. குறுக்கே கழி. 85-ல 75 போனா 10, 75-ல 70 போனா 5. கீழ 10:5, அதாவது 2:1. இருபது செகண்ட்ல விடை. வாத்தியார் மார்க்கரை மூடி வச்சுட்டு, என்னமோ புறா பறக்கவிட்ட மாதிரி ஒரு பார்வை பார்ப்பார்.

விடை சரிதான், அதுல தகராறு இல்லை. இந்தக் குறுக்குக் கணக்கு நேத்து கோச்சிங் சென்டர்ல பொறந்ததும் இல்லை. 12-ஆம் நூற்றாண்டுல பாஸ்கராச்சாரியார் எழுதின லீலாவதியில வேற வேற தரத்துத் தங்கத்தை உருக்கிக் கலக்குற கணக்குக்குன்னே ஒரு பகுதி இருக்கு. நம்மூர்ல 'பத்தரை மாற்றுத் தங்கம்'னு சொல்றோமே, அந்த 'மாற்று'தான் அங்கே சமாச்சாரம். பால் பண்ணையில கொழுப்புச் சத்தை ஒரு அளவுக்குக் கொண்டு வர்றதுக்கும், மாட்டுத் தீவனம் கலக்குறதுக்கும் இதே படத்தைப் பியர்சன் சதுரம்னு பேர் வச்சு இன்னிக்கும் பயன்படுத்துறாங்க. தட்டார் தங்கத்தைத் தராசுல வச்சுப் பார்க்குறார். பண்ணைக்காரர் பாலை எடை போடுறார். வர்ற விகிதம் எதோட விகிதம்னு அவங்க யாரும் சொல்லிக்கொடுத்துத் தெரிஞ்சுக்க வேண்டியதில்லை, கையிலயே இருக்கு.

என் சண்டையே இங்கதான் ஆரம்பிக்குது. பெருக்கல் குறி ஒரு விகிதத்தைக் கொடுக்குது. அது எதோட விகிதம்னு சொல்றதில்லை. சொல்லிக் கொடுக்குற மகானுபாவர்களும் சொல்றதில்லை.

சித்தி பொண்ணு ஒருத்தி பேங்க் பரீட்சைக்குப் படிக்கிறா. ஷார்ட்கட்டுக்குன்னே தனியா ஒரு நோட்டு வச்சிருக்கா, பரீட்சைக்கு நாலு மாசம் இருக்கும்போதே அது முக்கால்வாசி ரொம்பிடுச்சு. ஒரு நாள் போன் பண்ணினா. கணக்கு இதுதான்: ஒரு வண்டி கொஞ்ச தூரம் மணிக்கு 60 கிலோமீட்டர்லயும், மிச்ச தூரம் 40-லயும் போச்சு. மொத்தப் பயணத்தோட சராசரி வேகம் 48. ரெண்டு தூரத்துக்கும் விகிதம் என்ன?

அவ பெருக்கல் குறி போட்டிருக்கா. 48-ல 40 போனா 8, 60-ல 48 போனா 12, ஆக 2:3. ஆப்ஷன்ல 2:3-ம் இருந்துச்சு (வைக்காம இருப்பாங்களா?). டிக் பண்ணிட்டா. விடைத்தாள்ல 1:1-னு இருக்கு.

"சார்கிட்ட கேட்டியாம்மா?"

"கேட்டேண்ணா. வேகக் கணக்குக்கு அலிகேஷன் வேலை செய்யாதுன்னுட்டார். அதுக்குத் தனி ஷார்ட்கட்டாம். ரெண்டு வேகத்தையும் பெருக்கி, அதை ரெண்டால பெருக்கி, ரெண்டும் கூட்டின தொகையால வகுக்கணுமாம். நோட்டுல எழுதிட்டேன். எனக்குத்தான் மேக்ஸ் வரவே மாட்டேங்குது."

எனக்கு வந்துச்சு பாருங்க கோபம்... அவ மேல இல்லை.

வேகக் கணக்குக்கு அலிகேஷன் வேலை செய்யாதுங்குறது பச்சைப் பொய். கன கச்சிதமா வேலை செஞ்சிருக்கு! 2:3 சரியான விடைதான். ஆனா அது தூரத்தோட விகிதம் இல்லை, நேரத்தோட விகிதம். 60-ல 2 மணி நேரம் போனா 120 கிலோமீட்டர். 40-ல 3 மணி நேரம் போனா அதுவும் 120. தூரம் 1:1. முடிஞ்சுது. புதுசா ஒரு ஷார்ட்கட் எதுக்கு? அந்தப் பொண்ணு கண்ணு முன்னாடி சரியான விகிதம் உக்காந்திருக்கு. அதுக்குப் பேர் என்னன்னு சொல்லத் துப்பில்லாம இன்னொரு சூத்திரத்தைத் தூக்கிக் கொடுத்து அனுப்பியிருக்காங்க. அதுவும் தூரம் ரெண்டும் சமமா இருந்தா மட்டுமே பலிக்கிற சூத்திரம். நாளைக்கே தூரம் 1:2-னு வந்தா அதுவும் காலை வாரும். நோட்டுல அதுக்கு இன்னொரு பக்கம் எழுதணும்.

மொத்த விஷயத்துக்கும் ஒரே ஒரு கேள்விதாங்க. சராசரி எடுக்குற சமாச்சாரத்துக்கு கீழ என்ன இருக்கு? அதாவது எதால வகுத்து அந்த எண் வந்துச்சு? அதுதான் வெயிட்டு. வேகம்னா கிலோமீட்டரை மணியால வகுக்குறோம், அப்போ வெயிட்டு மணி. அரிசி விலை கிலோவுக்கு இவ்வளவு ரூபாய், வெயிட்டு கிலோ. சராசரி மார்க் தலைக்கு இவ்வளவு, வெயிட்டு தலை. லாப சதவீதம்? லாபத்தை அடக்க விலையால வகுக்குறோம், அப்போ வெயிட்டு அடக்க விலை. விற்ற விலை இல்லை, எத்தனை பொருள்ங்குற எண்ணிக்கையும் இல்லை.

அந்தக் கடைசி ஐட்டத்துல எத்தனை பேர் மண்ணைக் கவ்வியிருக்காங்க தெரியுமா? ரெண்டு செல்போனை ஆளுக்கு 9,900 ரூபாய்னு விக்கிறார் ஒருத்தர். ஒண்ணுல 10% லாபம், இன்னொண்ணுல 10% நஷ்டம். மொத்தத்துல என்ன? "லாபமும் இல்லை நஷ்டமும் இல்லை"ன்னு நெஞ்சை நிமிர்த்திச் சொல்லுவாங்க. அடக்கம் ஒண்ணு 9,000, இன்னொண்ணு 11,000. ஆக 20,000 போட்டு 19,800 எடுத்திருக்கார். 1% நஷ்டம். நஷ்டம் வந்த போன்ல அதிகக் காசு மாட்டியிருந்துச்சு, தராசு அந்தப் பக்கம் சாஞ்சிடுச்சு, அவ்வளவுதான். இதுக்கும் ஒரு 'ஷார்ட்கட்' இருக்கு, சதவீதத்தை வர்க்கம் பண்ணி நூறால வகுக்கணுமாம். கேட்டா காரணம் சொல்ல ஆள் இல்லை.

நாம எல்லாரும் கரைச்சுக் குடிச்ச ஆர்.எஸ். அகர்வால் புத்தகத்தைப் புரட்டுங்க. சராசரி ஒரு அத்தியாயம், லாப நஷ்டம் ஒரு அத்தியாயம், நேரமும் தூரமும் ஒரு அத்தியாயம், கலவை ஒரு அத்தியாயம். நாலு அத்தியாயத்துலயும் பாதிக் கணக்கு ஒரே கணக்கு. புத்தகத்துக்கு அத்தியாயம் தேவை, ஒத்துக்கறேன். ஆனா நாலும் அண்ணன் தம்பின்னு ஒரு வார்த்தை சொல்ல வேண்டியது வகுப்புல நிக்கிறவரோட வேலை இல்லையா? நாலு கதவுக்கும் ஒரே சாவின்னு தெரிஞ்சுட்டா நாப்பது சாவி எப்படி விக்கிறது, அதானே உங்க கவலை?

இன்னொரு கூத்து கேளுங்க. மூணு வகை அரிசி, கிலோ 40, 50, 70. கலந்து 55 ரூபாய் அரிசி ஆக்கணும், என்ன விகிதத்துல கலக்குறது? இதுக்கும் 'மூணு வரி அலிகேஷன்'னு ஒண்ணு ஓடிக்கிட்டிருக்கு. 40-ஐயும் 70-ஐயும் ஜோடி சேர்த்து ஒரு பெருக்கல் குறி, 50-ஐயும் 70-ஐயும் ஜோடி சேர்த்து இன்னொண்ணு, ரெண்டையும் கூட்டினா 3:3:4. கைதட்டு. ஆனா 1:3:2-னு கலந்தாலும் 55 தாங்க வருது. 2:3:3-ன்னாலும் 55. வேணும்கிறவங்க பேப்பர்ல போட்டுப் பாருங்க. கணக்குல இருக்குறது ஒரே நிபந்தனை, தெரியாதது ரெண்டு. முடிவில்லாத விடைகள் இருக்கு. அதுல ஒண்ணைத் தூக்கி 'இதுதான் விடை'ன்னு போர்டுல எழுதுறதுக்குப் பேர் ஷார்ட்கட் இல்லை, வேற பேர் இருக்கு. அலிகேஷன்ங்குற சொல்லுக்கு லத்தீன் மூலத்துல 'சேர்த்துக் கட்டுறது'ன்னு பொருள். கட்டிப்போட்டது புத்தியைன்னு இப்பதான் புரியுது.

"தம்பி, பரீட்சையில நேரம் இல்லை. புரிஞ்சு படிக்க இது என்ன பிஎச்டியா?"ன்னு ஒருத்தர் கிளம்புவார்னு தெரியும். அவருக்கும் பதில் வச்சிருக்கேன். பெருக்கல் குறியே மெதுவான வழி! சீசாப் பலகையை நினைச்சுக்கோங்க. ஒரு முனையில 70, மறு முனையில 85, முட்டுக் கொடுத்த இடம் 75. முட்டு 70-லேர்ந்து 5 தள்ளி, 85-லேர்ந்து 10 தள்ளி இருக்கு. கனமானவன்தான் முட்டுக்குப் பக்கத்துல உக்காருவான். ஸ்கூல் பார்க்குல ஆடுன எல்லாருக்கும் இது தெரியும். பாதி தூரத்துல இருக்கான், அப்போ ரெண்டு மடங்கு கனம். 2:1. குறுக்கே கழிக்கவும் வேணாம், எதைக் கீழ எந்தப் பக்கம் எழுதணும்னு குழம்பவும் வேணாம். நாலு ஆப்ஷன்ல ரெண்டு, 85 பக்கம் கனம்னு சொல்லும், பார்த்ததுமே அடிச்சுடலாம். முப்பது செகண்டெல்லாம் ஓவர், பத்து செகண்ட் போதும்.

அதோட இந்தப் பரீட்சைகளே எல்லாம் அவ்வளவு மட்டம் இல்லை. 2023 செப்டம்பர்ல ஜிஆர்இ-யைச் சுருக்கினாங்க. இப்போ கணக்குப் பகுதி 27 கேள்விக்கு 47 நிமிஷம், அதாவது கேள்விக்கு ஒன்றே முக்கால் நிமிஷம் சுமாரா. திரையில கால்குலேட்டரும் 2011-லேர்ந்தே கொடுக்குறாங்க. அதுல ரெண்டு அளவைப் பக்கத்துல பக்கத்துல வச்சு எது பெருசுன்னு கேக்குற வகை ஒண்ணு உண்டு. ஒரு பக்கம் 'ரெண்டு வகுப்பும் சேர்ந்த சராசரி', மறுபக்கம் '77.5'. எத்தனை பசங்கன்னு சொல்லவே மாட்டாங்க. சரியான விடை 'கொடுத்த தகவலை வச்சுத் தீர்மானிக்க முடியாது'. ஜிமேட்ல தகவல் போதுமா போதாதான்னு கேக்குற வகையில இன்னும் அழகு. 85 வாங்கின வகுப்புல பசங்க அதிகம்னு மட்டும் ஒரு வரி கொடுத்து, சேர்ந்த சராசரி 77.5-ஐத் தாண்டுமான்னு கேட்டா, கண்டிப்பாத் தாண்டும், அந்த ஒரு வரியே போதும். ஒரு கூட்டல் கூடக் கிடையாது. இங்கே பெருக்கல் குறியை எங்கே போய் போடுவீங்க? நடுவுல எழுத எண்ணே இல்லையே! கேள்வி எடுத்தவன் யோசிக்கிறவனைத் தேடுறான். நம்மாளுங்க அதே கேள்விக்கும் 'எப்பவும் கடைசி ஆப்ஷன்தான் வரும்'னு ஒரு ஷார்ட்கட் கண்டுபிடிச்சு நோட்டுல எழுத வைக்கிறாங்க. முருகா!

இதுல என்னை ரொம்பக் கடுப்பேத்துறது என்னன்னா, நம்ம பசங்களுக்கு வெயிட்டுன்னா என்னன்னு தெரியாதுன்னு யார் சொன்னது? தமிழ்நாட்டுல பிளஸ் டூ முடிச்சு இன்ஜினியரிங் கவுன்சிலிங்குக்குப் போன எந்தப் பிள்ளையையும் கேளுங்க. கட்-ஆஃப் 200-க்கு. மேக்ஸ் 100-ம் முழுசா, பிசிக்ஸ் பாதி, கெமிஸ்ட்ரி பாதி. மேக்ஸ்ல ஒரு மார்க் போனா கட்-ஆஃப்ல ஒண்ணு போச்சு, கெமிஸ்ட்ரியில போனா அரைதான் போச்சுன்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லும். மேக்ஸ் 100, மத்த ரெண்டும் 80 வாங்கினவனுக்கு மொத்தம் 260. மேக்ஸ் 80, மத்த ரெண்டும் 100 வாங்கினவளுக்கு மொத்தம் 280. கட்-ஆஃப் ரெண்டு பேருக்கும் 180! இது நியாயமா இல்லையான்னு டீக்கடையில அப்பாக்கள் சண்டையே போடுவாங்க. இதைவிட நல்ல நிறையிட்ட சராசரிப் பாடம் உலகத்துல எங்கே இருக்கு? இவ்வளவும் தெரிஞ்ச பிள்ளையைக் கூட்டிட்டுப் போய் ஏசி ரூம்ல உக்கார வச்சு, 'யோசிக்காதே, குறுக்கே கழி'ன்னு சொல்லிக் கொடுத்து, கடைசியில 'எனக்கு மேக்ஸ் வராதுண்ணா'ன்னு சொல்ல வச்சு அனுப்புறீங்க. அதுக்கு சித்தப்பா ரெண்டாவது தடவையும் பீஸ் கட்டியிருக்கார்.

சரி, பரீட்சையோட போச்சுன்னா பரவாயில்லை. போறதில்லையே. பொட்டி தட்டுற இடத்துல தினமும் பார்க்குறேன். எங்க டீம்ல ஒருத்தர் (பேர் வேணாம், ஊர் வேணாம், நல்ல மனுஷன்), கேம்பஸ் ஆப்டிடியூட் ரவுண்டுல ஒண்ணு விடாம அடிச்சுட்டு வந்தவர். ரெண்டு சர்வரோட பதில் நேரத்தை டாஷ்போர்டுல போட்டிருந்தார். ஒண்ணு 9,000 கோரிக்கைக்குச் சராசரி 100 மில்லிசெகண்ட், இன்னொண்ணு 1,000 கோரிக்கைக்கு 900. ரெண்டையும் கூட்டி ரெண்டால வகுத்து 500-னு பெரிய எழுத்துல சிவப்பா வச்சுட்டார். உண்மையில 180. ராத்திரி எல்லாரையும் எழுப்பி உக்கார வச்சாச்சு. இதாவது பரவாயில்லை, தூக்கம்தான் போச்சு. அப்படியே திருப்பிப் போடுங்க. 9,000 பேருக்கு 900, 1,000 பேருக்கு 100. அப்பவும் டாஷ்போர்டு அதே 500-ஐத்தான் காட்டும், உண்மை 820. எவனும் எழுந்திருக்க மாட்டான். அவருக்கு அலிகேஷன் தெரியாதுன்னா நினைக்கிறீங்க? பெருக்கல் குறி போட்டுக் காட்டுனா என்னைவிட வேகமாப் போடுவார். வெயிட்டு கேள்வியிலயே எழுதியிருந்தாத்தான் அவர் கண்ணுக்குத் தெரியும். இங்கே அது எழுதியில்லை, அவரா தேடியிருக்கணும்.

பெரிய இடத்துலயும் இதே கதைதான். 1973-ல கலிஃபோர்னியா பெர்க்லி பல்கலைக்கழக மேற்படிப்புச் சேர்க்கையில, விண்ணப்பிச்ச ஆண்கள்ல சுமார் 44% பேருக்கு இடம், பெண்கள்ல சுமார் 35% பேருக்குத்தான். அப்பட்டமான ஓரவஞ்சனை மாதிரி இருக்குல்ல? பிக்கெல், ஹாமெல், ஓ'கானெல்னு மூணு பேர் துறை துறையாப் பிரிச்சுப் பார்த்து 1975-ல சயின்ஸ் பத்திரிகையில எழுதினாங்க. பெரிய துறை ஒண்ணுல 825 ஆண்கள் விண்ணப்பிச்சு 62% பேருக்குக் கிடைச்சிருக்கு, 108 பெண்கள் விண்ணப்பிச்சு 82% பேருக்கு! துறை துறையாப் பார்த்தா, பெண்களை ஒட்டுமொத்தமாக் கழிச்சுக் கட்டின மாதிரித் தெரியலை. பெண்கள் அதிகமா விண்ணப்பிச்சது யாருக்குமே லேசுல இடம் கிடைக்காத துறைகளுக்கு, வெயிட்டு அங்கே போய் உக்காந்துடுச்சு. (ஏன் அந்தத் துறைகளுக்கே போனாங்கங்குறது தனிச் சண்டை, அது இந்தப் பதிவுக்குள்ள அடங்காது.) 44, 35-ங்குற ரெண்டு எண்ணை மட்டும் வச்சுகிட்டு எத்தனை பெருக்கல் குறி போட்டாலும் இது தெரியாது. எதோட சராசரி, எதால வகுத்ததுன்னு கேட்ட ஆளுக்குத்தான் தெரியும்.

சித்தி பொண்ணுகிட்ட நோட்டைத் தூக்கிப் போடச் சொன்னேன். போடலை, பயம். ஆனா ஒவ்வொரு கணக்குக்குப் பக்கத்துலயும் 'கீழ என்ன?'ன்னு பென்சில்ல எழுதிப் பாக்குறாளாம். போன வாரம் அந்த செல்போன் கணக்கை அவளாவே போட்டுட்டு, எனக்கே திருப்பிக் கிளாஸ் எடுத்தா.

வந்ததுக்கு ஒரு கணக்கு போட்டுட்டுப் போங்க மக்கா. ஒரு பேட்ஸ்மேன், முதல் தொடர்ல 3 இன்னிங்ஸ், அதுல ரெண்டு தடவை நாட் அவுட், மொத்தம் 120 ரன், ஆவரேஜ் 120. அடுத்த தொடர்ல 5 இன்னிங்ஸ், அஞ்சுலயும் அவுட், 150 ரன், ஆவரேஜ் 30. ரெண்டு தொடரும் சேர்த்து ஆவரேஜ் என்ன? 75-னு சொல்றவங்க மேல போய் முதல்லேர்ந்து படிங்க. இன்னிங்ஸ் எண்ணிக்கையை வெயிட்டா வச்சு 63.75-னு சொல்றவங்க பாதிக் கிணறு தாண்டியாச்சு, பேட்டிங் ஆவரேஜ்ல கீழ என்ன இருக்குன்னு மட்டும் பார்த்துட்டு வாங்க. சரியான விடையைப் பின்னூட்டத்துல போடுறவங்களுக்கு என் செலவுல ஒரு டீ, வடையோட.